வலிக்கிற இடம் ஒன்று, திருக வேண்டிய போல்ட் வேறு

சாதாரண சைக்கிளிலிருந்து ரோடு பைக்குக்கு (வளைந்து தாழும் ஹேண்டில்பாரும் மெல்லிய டயரும் உள்ள கியர் சைக்கிள்) மாறியவர்கள் முதல் இரண்டு வாரத்தில் சொல்லும் புகார்கள் ஊருக்கு ஊர் மாறுவதில்லை. உள்ளங்கை மரத்துப்போகிறது. பிடரி இறுகுகிறது. இடுப்பு விட்டுப்போகிறது. முட்டிச்சில்லுக்கு அடியில் குத்துகிறது. உட்காருகிற இடத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். காரைக்குடிப் பக்கம் இதற்குக் கிடைக்கும் ஆலோசனை இரண்டுதான்: "ஓட்ட ஓட்டப் பழகிரும் தம்பி." இல்லையென்றால், "நம்ம ரோட்டுக்கு இது ஆகாது, வந்த விலைக்குத் தள்ளிவிட்டுரு." முதலாவதில் பாதி உண்மை இருக்கிறது. இரண்டாவதில் அதுவும் இல்லை.

பழகிப்போகும் வலி உண்டு. தொடைத் தசையின் அசதி, உட்காரும் எலும்புகள் இரண்டின் மேலும் ஒரே அளவாக இருக்கும் நோவு, பிடரிச் சோர்வு ஆகியவை இரண்டு மூன்று வாரத்தில் தாமாகவே குறையும். பழகாத வலி வேறு. மரத்துப்போவது, மூட்டுக்குள் குத்துவது, ஒரு பக்கம் மட்டும் வருவது, மறுநாள் மாடிப்படி ஏறும்போதும் கூடவே வருவது, இவையெல்லாம் வண்டியின் அளவு உடம்புக்குப் பொருந்தவில்லை என்பதற்கான அடையாளங்கள். இவற்றைப் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிப் பழக்க முடியாது.

பழைய 24 இன்ச் சைக்கிளில் முதுகு நிமிர்ந்து இருக்கும். உடம்பின் எடை கிட்டத்தட்ட முழுதும் ஸ்பிரிங் சீட்டில் இறங்கும். ஹேண்டில்பார் பின்னால் வளைந்து நம்மைத் தேடி வருவதால் கைக்குத் திருப்புவதைத் தவிர வேலை கிடையாது. ரோடு பைக்கில் அதே எடை சீட்டு, பெடல், ஹேண்டில்பார் என மூன்று இடங்களுக்குப் பிரிகிறது. ஒன்றின் அளவு ஒரு செ.மீ. தவறினாலும் மற்ற இரண்டும் அந்தச் சுமையை வாங்கிக்கொள்ளும். கை வலிக்கிறது என்று ஹேண்டில்பாரைத் திருகுவார்கள். பிழை சீட்டின் சாய்வில் இருக்கும். முட்டி வலிக்கிறது என்று முட்டிக்குப் பட்டை போடுவார்கள். பிழை சீட்டின் உயரத்தில் இருக்கும். நிமிடத்துக்கு 85 சுற்று என்று வைத்தால் ஒரு மணி நேரத்தில் ஒவ்வொரு முட்டியும் 5,000 தடவைக்கு மேல் மடங்கி நீள்கிறது. 5 மி.மீ. பிழை ஏன் பெரிய விஷயம் என்பதற்கு இந்தக் கணக்கே போதும்.

செட்டிநாட்டுக்கென்று ஒரு கூடுதல் சிக்கலும் இருக்கிறது: நிலம் தட்டை. ஏற்காடு, கொடைக்கானல் பக்கம் ஓட்டுகிறவரை மேடு எழுந்து நிற்க வைக்கும். இறக்கம் காலுக்கு ஓய்வு கொடுக்கும். காரைக்குடியிலிருந்து தேவகோட்டைக்கோ திருமயத்துக்கோ போகும்போது அப்படி எதுவும் நடக்காது. பொட்டல், கண்மாய்க்கரை, சீமைக்கருவேலங்காடு என்று நேராகப் போய்க்கொண்டே இருக்கலாம். நாற்பது நிமிடம் ஒரே பிடி, ஒரே குனிவு, ஒரே கியர். தட்டையான சாலை சுலபம் என்று நினைக்கிறோம். நெஞ்சுக்கும் நுரையீரலுக்கும் அது சுலபம்தான். அசையாமல் ஒரே கோணத்தில் கிடக்கும் பிடரிக்கும் இடுப்புக்கும் மேடு பள்ளமான சாலையே மேல். ஆகவே இங்கே ஓட்டுகிறவர் மேடு செய்கிற வேலையைத் தானே செய்துகொள்ள வேண்டும். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை 20–30 விநாடி சீட்டை விட்டு எழுந்து மிதிப்பதும், கைப்பிடியை மாற்றுவதும்தான் அந்த வேலை. ஊருக்கு ஊர் இருக்கிற வேகத்தடைகளை இதற்கான ஞாபகமணியாக வைத்துக்கொள்ளலாம். அவற்றுக்கு வேறு நல்ல பயன் எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை.

சீட்டிலிருந்து தொடங்குங்கள், கையிலிருந்து அல்ல

ஃபிரேம் அளவே தவறு என்றால் கீழே சொல்வது எதுவும் முழுதாக உதவாது. கடையில் "26 இன்ச்", "28 இன்ச்" என்று சொல்வது சக்கர அளவு. உடம்புக்கும் அதற்கும் தொடர்பில்லை. ரோடு பைக்கின் அளவு 50, 52, 54 என்று செ.மீ. கணக்கிலோ எஸ், எம், எல் என்றோ வரும். அதுவும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். அளவு அட்டவணையில் ஸ்டேக், ரீச் என்று இரண்டு எண்கள் இருக்கும். முதலாவது ஃபிரேமின் முன்தலை எவ்வளவு உயரம் என்பது, இரண்டாவது அது எவ்வளவு முன்னால் நீள்கிறது என்பது. ஒரே அளவு எண் போட்ட வண்டிகளிலேயே ரேஸ் வகையைவிட, நெடுந்தூரம் வசதியாக ஓட்டுவதற்கான எண்டூரன்ஸ் வகையில் ஸ்டேக் 20–40 மி.மீ. கூடுதலாக இருப்பது வழக்கம். சாதாரண சைக்கிளிலிருந்து நேராக மாறுகிறவருக்கு எண்டூரன்ஸ் வகைதான் சரி என்பது என் கருத்து. இரண்டு அளவுக்கு நடுவில் விழுந்தால் சின்னதை எடுக்கலாம். சின்ன வண்டியை நீட்ட வழி உண்டு. பெரியதைக் குறுக்க அவ்வளவாக வழியில்லை.

சீட் உயரத்துக்கு முதலில் உட்காலின் அளவு, அதாவது கவட்டிலிருந்து தரை வரை உள்ள உயரம், வேண்டும். செருப்பில்லாமல் சுவரில் முதுகை ஒட்டி நின்று, பேரேடு மாதிரி கெட்டி அட்டை போட்ட புத்தகம் ஒன்றைக் கால்களுக்கு நடுவே, சீட்டில் உட்காரும் அழுத்தத்தோடு மேலே இழுத்துப் பிடிக்க வேண்டும். புத்தகத்தின் மேல் விளிம்பிலிருந்து தரை வரை அளக்க வேண்டும். வளவு வீட்டு வெள்ளைப் பூச்சுச் சுவரில் பென்சில் கோடு போட்டால் ஆச்சியிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள நேரிடும். ஒட்டு நாடாவே போதும். கிடைத்த அளவை 0.883ஆல் பெருக்கினால் வருவது, பெடலைத் தாங்கும் தண்டான கிராங்க் சுழலும் அச்சின் மையத்திலிருந்து சீட் குழாயை ஒட்டியே சீட்டின் மேல்பரப்பு வரை இருக்க வேண்டிய தூரம். உட்கால் 77 செ.மீ. என்றால் 68 செ.மீ.

இது ஒரு தொடக்கம்தான். இதைச் சரிபார்க்க, திண்ணைத் தூணைப் பிடித்துக்கொண்டு வண்டியில் ஏறி உட்கார்ந்து குதிகாலைப் பெடலில் வைத்துப் பின்னோக்கிச் சுற்றுங்கள். பெடல் அடியில் இருக்கும்போது கால் நேராக நீள வேண்டும். இடுப்பு ஒரு பக்கமாக இறங்கக் கூடாது. அந்த உயரத்தில் பாதத்தின் முன்பகுதியைப் பெடலில் வைத்தால் முட்டியில் 25லிருந்து 35 டிகிரி வரை மடிப்பு கிடைக்கும். கெட்டி அடிப்பாகம் உள்ள ஷூ போட்டு ஓட்டுகிறவர் அந்த ஷூவோடுதான் பார்க்க வேண்டும். ரப்பர் செருப்பு வேண்டாம். அது பெடலின் மேல் மடங்கிப் பாதத்தை நடுவில் நெரிக்கும். செருப்பு நழுவும் என்ற பயத்தில் பாதத்தின் நடுப்பகுதியால் மிதிப்பவர்களும் உண்டு. அப்படி மிதித்தால் சரியான உயரமே அதிகமாகிவிடும்.

இந்த உயரத்தில் சீட்டில் உட்கார்ந்தபடி கால் தரையில் முழுதாகப் பதியாது. நுனிவிரல் எட்டினால் உண்டு. இங்கேதான் பெரும்பாலானவர்கள் சறுக்குகிறார்கள். காரைக்குடிக் கல்லுக்கட்டிக் கடைத்தெரு நெரிசலில் நிறுத்தும்போது கால் எட்டவில்லையே என்று சீட்டை மூன்று நான்கு செ.மீ. இறக்கிவிடுவார்கள். முட்டி அளவுக்கு மீறி மடங்கும். முட்டிச்சில்லு தொடை எலும்பில் அழுந்தியபடியே ஆயிரக்கணக்கான சுற்று சுற்றும். பத்தாவது கிலோமீட்டரில் வரும் முன்முட்டி வலிக்குக் காரணம் பெரும்பாலும் இதுவே. ரோடு பைக்கில் நிறுத்தும் முறையே வேறு: பிரேக் பிடித்து, ஒரு பெடல் அடியில் இருக்கும்போது அந்தக் காலில் எடையைப் போட்டு, சீட்டை விட்டு முன்னால் இறங்கி, மற்றக் காலைத் தரையில் வைக்க வேண்டும். கானாடுகாத்தான், பள்ளத்தூர் போன்ற ஊர்களின் அகலமான நேர்த்தெருக்களில் காலை வேளையில் கொஞ்ச நேரம் பழகினால் வந்துவிடும்.

சீட் கூடுதலாக உயர்ந்தாலும் வலிதான், ஆனால் இடம் மாறும். முட்டிக்குப் பின்னால் இழுத்துப் பிடிக்கும். ஒவ்வொரு மிதிக்கும் இடுப்பு இடமும் வலமும் ஆடும். கீழ்முதுகு நோகும், தொடை இடுக்கில் தோல் உரியும். பின்னால் வருகிற ஒருவரை உங்கள் இடுப்பைப் பார்க்கச் சொல்லுங்கள்; ஆட்டம் தெரிந்தால் 3 மி.மீ. இறக்குங்கள். எப்போதும் ஒரு நேரத்தில் 2–3 மி.மீ. மட்டுமே மாற்ற வேண்டும், மாற்றியபின் இரண்டு தடவையாவது ஓட்டிப் பார்க்க வேண்டும். சீட் போஸ்ட்டில் பொறித்திருக்கும் குறைந்தபட்ச நுழைவுக் கோடு வெளியே தெரியக் கூடாது. தெரிந்தால் ஃபிரேம் சின்னது என்று அர்த்தம்.

அடுத்தது சீட்டின் முன்பின் இடம். கிராங்க் தரைக்கு இணையாக இருக்கும்போது, முன்காலின் முட்டிச்சில்லுக்குச் சற்றுக் கீழே உள்ள எலும்பு மேட்டிலிருந்து கொத்தனாரின் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டால், நூல் பெடல் அச்சின் மேல் விழ வேண்டும் என்பது பழைய விதி. இதற்கு உடலியல் ஆதாரம் பெரிதாகக் கிடையாது, ஆனால் தொடங்குவதற்கு ஒரு புள்ளி கொடுக்கிறது. இதைவிட நம்பகமான சோதனை ஒன்று உண்டு. ஆளில்லாத சாலையில் நிதானமாக மிதித்துக்கொண்டே கைகளை ஹூடின் (பிரேக் லீவரின் ரப்பர் போர்த்திய பிடி) மேலிருந்து ஒரு விரற்கடை மட்டும் தூக்கிப் பாருங்கள். உடம்பு முன்னால் கவிழாமல் ஒரு நொடி நின்றால் இடம் சரி. உடனே கவிழ்ந்தால், உங்கள் கை வண்டியைப் பிடித்திருக்கவில்லை, உங்களைத் தாங்கிக்கொண்டிருந்தது என்று பொருள். சீட்டை 5 மி.மீ. பின்னால் தள்ளுங்கள். பின்னால் தள்ளினால் பெடலுக்கான தூரமும் கூடும். 10 மி.மீ. பின்னால் போனால் ஏறக்குறைய 3 மி.மீ. உயரம் குறைக்க வேண்டும். இந்த இரண்டாவது வேலையை மறந்துவிட்டு, கை வலி போய் முட்டிப் பின்வலி வந்துவிட்டது என்று குழம்புகிறவர்கள் நிறைய.

சாய்வுக்கு ரசமட்டம் வையுங்கள். வண்டி நிற்கும் தரை மட்டமாக இருக்கிறதா என்று அதே ரசமட்டத்தால் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். முற்றத்துத் தரை தண்ணீர் ஓடுவதற்காகச் சாய்த்தே போடப்பட்டிருக்கும். சீட்டின் நீளத்துக்கு ஒரு சட்டத்தை வைத்து அதன்மேல் ரசமட்டத்தை வைத்தால், மட்டமாகவோ மூக்கு 1–2 டிகிரி தாழ்ந்தோ இருக்கலாம். தொடை இடுக்கில் அழுத்துகிறது என்று மூக்கை நன்றாகக் கவிழ்த்துவிடுவது பரவலான கை வைத்தியம். விளைவு, உட்கார்ந்தவர் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் வழுக்குவார். வழுக்காமல் இருக்கக் கைகளை விறைப்பாக ஊன்றுவார். அரை மணியில் உள்ளங்கை மரத்துவிடும். அவர் ஜெல் கையுறை வாங்கப் போவார்.

கை, தோள், பிடரி

சீட் மூன்று வகையிலும் சரியான பிறகுதான் ஹேண்டில்பாரைத் தொட வேண்டும். எந்த விரல் மரக்கிறது என்று கவனியுங்கள். சுண்டுவிரலும் மோதிர விரலும் என்றால் உள்ளங்கையின் வெளி ஓரத்தில், மணிக்கட்டுக்கு அருகே ஓடும் அல்நார் நரம்பு நசுங்குகிறது. கட்டைவிரல், ஆட்காட்டி விரல், நடுவிரல் என்றால் மணிக்கட்டின் நடுவில் போகும் மீடியன் நரம்பு. இரண்டுக்கும் பொதுவான காரணம் மணிக்கட்டு மேல்நோக்கி மடங்கிக் கிடப்பது. ஹூடைப் பிடித்தபடி பார்த்தால் முன்கையும் புறங்கையும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். ஆன்லைனில் வாங்கிப் பெட்டியில் வந்த வண்டியை வீட்டிலேயே பூட்டும்போது ஹேண்டில்பார் முன்னால் கவிழ்ந்தபடி இறுக்கப்படுவது அடிக்கடி நடக்கும். ஹேண்டில்பாரை வண்டியோடு இணைக்கும் குட்டைத் தண்டான ஸ்டெம்மின் முகத்தில் இருக்கும் நான்கு போல்ட்டுகளையும் 4 மி.மீ. ஆலன் கீயால் அரைச் சுற்றுத் தளர்த்தி, ஹூட் மட்டத்துக்கு வரும்வரை பாரைச் சுழற்றி, எக்ஸ் வடிவ வரிசையில் மாற்றி மாற்றி இறுக்க வேண்டும். மேலேயும் கீழேயும் இடைவெளி சமமாக இருக்க வேண்டும். ஸ்டெம்மிலேயே 5 நியூட்டன் மீட்டர் என்பது போல இறுக்க அளவு பொறித்திருக்கும். கார்பன் பார் என்றால் இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாமல் தொடவே வேண்டாம். "இன்னும் கொஞ்சம் டைட்டா இருக்கட்டும்" என்பது இரும்புச் சைக்கிளுக்கான பழக்கம். கார்பன் கீறல் விட்டு ஒருநாள் சொல்லாமல் முறியும்.

பிடரி வலிக்குக் காரணம் பார் தாழ்ந்திருப்பது அல்லது தூரமாக இருப்பது. பல நேரம் இரண்டும். உடம்பு கவிழக் கவிழச் சாலையைப் பார்க்கத் தலையைப் பின்னால் ஒடிக்க வேண்டியிருக்கும். ஸ்டெம்முக்கு மேலே ஸ்பேசர் வளையங்கள் இருந்தால் அவற்றைக் கீழே மாற்றலாம். முதலில் பக்கவாட்டுப் போல்ட்டுகள் இரண்டையும் தளர்த்துங்கள். பிறகு உச்சி மூடியின் போல்ட்டைக் கழற்றி, ஸ்டெம்மைத் தூக்கி, வளையத்தை இடம் மாற்றுங்கள். பூட்டும்போது வரிசை தலைகீழ். உச்சி மூடியை முதலில், முன்பிரேக்கைப் பிடித்து வண்டியை முன்னும் பின்னும் ஆட்டினால் கடகடப்பு இல்லாத அளவுக்கு மட்டும் இறுக்க வேண்டும். ஸ்டெம் சக்கரத்துக்கு நேராக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கடைசியில் பக்கப் போல்ட்டுகள். இந்த வரிசையை மாற்றினால் ஒன்று பேரிங் நசுங்கும், இல்லை ஹேண்டில் ஆடும். 10 மி.மீ. ஸ்பேசர் பாரை ஏறக்குறைய அதே அளவு உயர்த்தும். கூடவே 3 மி.மீ. பக்கத்திலும் கொண்டுவரும். மேலே ஸ்பேசர் இல்லையா? கீழ்நோக்கிச் சாய்ந்த 6 டிகிரி ஸ்டெம் என்றால் அதைக் கழற்றித் தலைகீழாகப் பூட்டலாம். 100 மி.மீ. ஸ்டெம்மில் பார் சுமார் 2 செ.மீ. உயரும், காசு செலவில்லை. கேபிள்கள் ஹெட்டுக்குள்ளே புகுந்து போகும் புது வகை வண்டிகளில் மட்டும் இதை வீட்டில் செய்யாதீர்கள்.

தூரம் குறைய ஸ்டெம்மையே மாற்றலாம். 100 மி.மீ. இருந்தால் 90 அல்லது 80. அதற்கும் கீழே போனால் திருப்பம் துடிக்கும். ஹூடைப் பிடிக்கும்போது முழங்கை பூட்டிக்கொள்ளாமல் லேசாக மடங்கியிருந்தால் தூரம் சரி. சீட்டை முன்னால் இழுத்துத் தூரத்தைக் குறைக்காதீர்கள். அது முட்டிக்கான அளவு, கைக்கானது அல்ல. பாரின் அகலம் தோள் எலும்பு முனைகளின் அகலத்துக்குச் சமமாக இருக்க வேண்டும். நம்மவர்களில் பலருக்கு 40 செ.மீ. போதும், பெண்களுக்கு 36–38. பெரிய அளவு வண்டிகளில் 42, 44 என்று வந்துவிடும். தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே வரும் எரிச்சலுக்கு இதைச் சந்தேகிக்கலாம். ஹெல்மெட்டில் முன்விளிம்பு இருந்தால் கழற்றிவிடுங்கள். அது பார்வையை மறைக்க மறைக்கத் தலை இன்னும் மேலே ஒடியும். லாரி போகும் திருச்சி–ராமேஸ்வரம் சாலையில் அடிக்கடி கழுத்தைத் திருப்பிப் பார்க்கிறவருக்குப் பார் முனையில் ஒரு சின்னக் கண்ணாடி பெரிய உபகாரம். அழகு குறையும் என்பவர்கள் பிடரியோடு பேசிக்கொள்ளட்டும்.

கையில் ஏறும் அதிர்வுக்கு இன்னொரு காரணம் டயரில் இருக்கிறது. சீமைக்கருவேல முள்ளுக்குப் பயந்து டயரைக் கல்லு மாதிரி வைத்திருப்பது இங்கே வழக்கம். காற்று அதிகமானால் முள் ஏறாது என்பது உண்மையல்ல. முள் எப்படியும் ஏறும். அதிர்வு மட்டும் கூடும். 70 கிலோ எடை உள்ளவருக்கு, டியூப் போட்ட 28 மி.மீ. டயரில் முன்னால் 65, பின்னால் 70 பி.எஸ்.ஐ. அளவில் தொடங்கலாம். 25 மி.மீ. என்றால் 80, 85. 32 மி.மீ. என்றால் 50, 55. டயர் பக்கத்திலும் ரிம்மிலும் எழுதியிருக்கும் உச்ச வரம்பைத் தாண்டக் கூடாது. டயரைப் பிடிக்கும் உள்விளிம்புக் கொக்கி இல்லாத (ஹூக்லெஸ்) ரிம்களில் அது 72.5 பி.எஸ்.ஐ. மட்டுமே. ரொம்பக் குறைத்தால் பள்ளத்தில் டியூப் ரிம்மில் நசுங்கி இரட்டை ஓட்டை விழும். பஞ்சர் கடை அண்ணனிடம் இருப்பது மோட்டார் பைக்குக்கான கம்ப்ரசர். ரோடு பைக்கின் மெல்லிய பிரெஸ்டா வால்வு அதில் பொருந்தாது. திருகிப் போடும் பித்தளை அடாப்டர் ஒன்றைப் பையில் வைத்திருங்கள், வீட்டுக்கு அளவுமானி உள்ள நிற்கும் பம்பு ஒன்று வாங்குங்கள். மெல்லிய டியூப் சில நாளிலேயே காற்றை விட்டுவிடும், விரலால் அமுக்கிப் பார்த்து அளவு சொல்ல முடியாது. முள்ளுக்கு மருந்து, உள்ளே தடுப்புப் பட்டை வைத்த டயர். ஃபிரேமில் இடமிருந்தால் 28 அல்லது 30க்கு மாறுங்கள். செம்மண் கிளைச்சாலைகளுக்கு அதைவிட மெல்லியது வீம்பு.

காற்றும் கியரும்

முட்டி வலிக்குச் சீட் உயரத்துக்கு அடுத்த காரணம் கனமான கியர். ஒற்றைக் கியர் சைக்கிளில் 15 கி.மீ. வேகத்தில் போனால் கால் நிமிடத்துக்கு 45–50 சுற்றுதான். அந்தப் பழக்கம் புது வண்டிக்கும் கூடவே வந்துவிடும். 25 கி.மீ. வேகத்தில், முன்னால் 50 பல், பின்னால் 15 பல் கியரில் மிதித்தால் நிமிடத்துக்கு 60க்கும் குறைவான சுற்று. அதே வேகத்தில் பின்னால் 21 பல்லுக்கு மாற்றினால் சுமார் 82. செய்யும் வேலை ஒன்றே. ஆனால் ஒவ்வொரு மிதியின் அழுத்தமும் 30 சதவீதத்துக்கு அருகே குறைகிறது. முட்டி நன்றி சொல்லும். ஆரம்பத்தில் வேகமாகச் சுற்றினால் சீட்டில் குதிப்பது போல இருக்கும். 75இல் தொடங்கி 85க்கு ஒரு மாதத்தில் ஏறலாம்.

ஆனி, ஆடியில் இது இன்னும் முக்கியம். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்கிற ஊரில் காரைக்குடியிலிருந்து குன்றக்குடி, திருப்பத்தூர்ப் பக்கம் மேற்கே போனால் காற்று நேராக முகத்தில் அறையும். பழைய வேகத்தை விடாமல் பிடிக்கப் போனால் கனமான கியரில் முட்டியும், நெடுநேரம் தாழக் குனிந்திருப்பதில் இடுப்பும் ஒன்றாகப் போகும். வேகத்தை மறந்துவிட்டுச் சுற்றைக் காப்பாற்றுங்கள், இரண்டு பல் லேசான கியருக்கு மாறுங்கள். போகும்போது எதிர்காற்று, திரும்பும்போது பின்காற்று என்று பாதையை அமைத்துக்கொண்டால் களைத்த உடம்பு வீடு வந்து சேரும். தை மாதத்தில் பழனிப் பாதயாத்திரை போகும் நாட்களில் அதே சாலையில் வேகத்துக்கே இடமில்லை. நடப்பவர்களுக்கு வழிவிட்டுப் போவதே முறை.

கீழ்முதுகு வலியில் வண்டியின் பங்கு பாதி, உடம்பின் பங்கு பாதி. நாள் முழுதும் கடையிலோ கணினி முன்னாலோ உட்கார்ந்திருப்பவரின் பின்தொடைத் தசை குறுகியிருக்கும். அவர் குனியும்போது இடுப்பெலும்பு சுழலாமல் முதுகுத்தண்டு மட்டும் வில்லாக வளையும். தொப்புளை டாப் டியூபை (ஃபிரேமின் மேல்குழாய்) நோக்கித் தாழ்த்துகிற மாதிரி, இடுப்பிலிருந்தே குனியப் பழக வேண்டும். வாரத்தில் நான்கு நாள் 30 விநாடி பிளாங்க் (முன்கையிலும் கால்விரல்களிலும் ஊன்றி உடம்பை நேராக நிறுத்துவது) மூன்று தடவை, தவழும் நிலையிலிருந்து எதிரெதிர்க் கையும் காலும் நீட்டுவது பக்கத்துக்கு 10, பின்தொடையையும் இடுப்பின் முன்தசையையும் தலா 30 விநாடி இழுத்துப் பிடிப்பது. பத்து நிமிட வேலை. இதைச் செய்யாதவர் ஸ்டெம் மேல் ஸ்டெம் மாற்றிக்கொண்டே இருப்பார்.

உட்காரும் இடம்

மெத்தென்ற ஜெல் உறையை வாங்கி மாட்டுவதுதான் எல்லோரும் முதலில் செய்வது. அது ஐந்து கிலோமீட்டருக்குச் சுகம். அதற்கு மேல் எலும்பு ஜெல்லுக்குள் புதைந்து, நடுவில் பிதுங்கும் ஜெல் நரம்பும் ரத்தக்குழாயும் போகும் இடத்தை அழுத்தும். அங்கே மரத்துப்போனால் அதைப் பழக்கம் என்று விடவே கூடாது. உடனே எழுந்து மிதிக்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும் சாய்வையும் உயரத்தையும் பார்க்க வேண்டும். சரியான சீட்டு கெட்டியாகவே இருக்கும், இரண்டு உட்காரும் எலும்புகளையும் தாங்கும் அகலத்தோடு. எலும்பு அகலத்தை வீட்டிலேயே அளக்கலாம். திண்ணையில் பெட்டி செய்யும் நெளி அட்டை ஒன்றைப் போட்டு, பாதத்தைச் சின்ன முக்காலியில் வைத்து முட்டியை உயர்த்தி, முன்னால் குனிந்து ஒரு நிமிடம் அழுத்தி உட்காருங்கள். அட்டையில் இரண்டு குழி விழும். மையத்துக்கு மையம் அளந்து, 20–30 மி.மீ. கூட்டினால் சீட்டின் அகலம். 115 மி.மீ. என்றால் 135லிருந்து 145 வரை. பெண்களுக்குப் பொதுவாக இந்த அகலம் கூடுதலாக இருக்கும். வண்டியோடு வரும் சீட்டு பெரும்பாலும் பொருந்தாது. நடுவில் பள்ளமோ வெட்டோ உள்ளதைப் பாருங்கள்.

பேட் வைத்த ஷார்ட்ஸுக்குள் ஜட்டி போடக் கூடாது. தையல் விளிம்பும் வியர்வை உப்பும் சேர்ந்துதான் தோலை அறுப்பது. சித்திரை, வைகாசியில் காலை 7 மணிக்கே உடம்பு நனைந்துவிடும் ஊரில் இது கூடுதல் கவனம் கேட்கிற விஷயம். உரசும் இடத்தில் கிரீம் அல்லது வாசலின் மெல்லியதாக. வீடு வந்ததும் ஷார்ட்ஸைக் கழற்றி அலசி, நிழலில் காயவையுங்கள். ஒரு தடவை போட்டதை மறுநாளும் மாட்டினால் கொப்புளம் உறுதி. கொப்புளம் வந்தால் கிள்ளாமல், ஆறும்வரை ஓட்டாமல் இருங்கள்.

பாதம் எரிந்தால் பெரும்பாலும் ஷூ இறுக்கம்; வெயிலில் பாதம் வீங்கும், பட்டையைத் தளர்த்துங்கள். கிளீட் (ஷூவின் அடியில் இருந்து பெடலில் பூட்டிக்கொள்ளும் துண்டு) போட்டவர் அதை 3–5 மி.மீ. பின்னால் தள்ளிப் பார்க்கலாம். குதிகால் தசைநாண் நோகிறவருக்கும் இது உதவும். உள்முட்டி அல்லது வெளிமுட்டி வலி வந்தால் கிளீட்டின் கோணத்தைப் பாருங்கள்: கட்டிலில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டால் பாதம் இயல்பாக எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறதோ அதுவே பெடலிலும் இருக்க வேண்டும். ஷிமானோ எஸ்.பி.டி.–எஸ்.எல். வகையில் மஞ்சள் கிளீட் 6 டிகிரி அசைவு தரும். நீலம் 2, சிவப்பு பூஜ்யம். புதியவர்களுக்கு மஞ்சள்.

எல்லாம் சரியாக வைத்தாலும் முதல் வாரத்திலேயே திருமயம் கோட்டைவரை போய்வர நினைக்கக் கூடாது. வாரம் மூன்று நான்கு நாள், 15–20 கி.மீ. போதும், காரைக்குடிக்காரருக்குக் குன்றக்குடி போய்த் திரும்புவது ஏறக்குறைய அந்த அளவு. வாரத்துக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் கூட்ட வேண்டாம். இளையாற்றங்குடியிலிருந்து பிள்ளையார்பட்டிவரை நகரத்தாரின் ஒன்பது கோயில்களையும் ஒரே நாளில் சைக்கிளில் பார்க்கும் ஆசை உள்ளவர்கள் அதைக் குறைந்தது மூன்றாவது மாதத்துக்குத் தள்ளிவைக்கலாம்.

அளவு மாற்றி மூன்று வாரம் ஆகியும் குறையாத வலி, வண்டியை விட்டு இறங்கி ஒன்றிரண்டு நாள் ஆகியும் போகாத மரப்பு, விரலில் பிடி தளர்வது, இடுப்பிலிருந்து காலுக்கு மின்சாரம் போல இறங்கும் வலி, முட்டி வீக்கம் அல்லது முட்டி பூட்டிக்கொள்வது ஆகியவற்றுக்கு எலும்பு மருத்துவரையோ பிசியோதெரபிஸ்ட்டையோ பார்க்க வேண்டும். தைலம் தேய்த்துக்கொண்டு அடுத்த ஞாயிறு வரை காத்திருக்க வேண்டாம்.

அளவுகள் ஒரு வழிக்கு வந்ததும் ஒரு நோட்டில் எழுதிவையுங்கள்: கிராங்க் மையத்திலிருந்து சீட் உச்சி, சீட் மூக்கிலிருந்து பாரின் நடு, தரையிலிருந்து சீட்டும் பாரும், சீட்டின் சாய்வு, ஸ்பேசர் எத்தனை, கிளீட் எங்கே. சீட் போஸ்ட்டில் ஃபிரேமின் விளிம்பை ஒட்டி ஒரு சுற்று மின்நாடா ஒட்டிவிடுங்கள். சர்வீசுக்கு விட்ட வண்டியும் பஸ்ஸின் டிக்கியில் ஏற்றி இறக்கிய வண்டியும் பழைய உயரத்தோடு திரும்பி வருவது அபூர்வம். அளந்து பார்த்துவிட்டு ஏறுங்கள்.